சாப்பிட மறுக்கும் பிள்ளையும் பெற்றோரின் மனச்சுமையும்

(பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெருவே வந்து விசாரிக்கும். பிள்ளை சாப்பிட மறுக்கிறது என்றால் "கொழுப்பு", "நீ கொடுத்த செல்லம்" என்று பழி தாயின் தலையில் விழும். அதனால்தான் சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார்கள். அந்தப் பெற்றோருக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

இது உண்ணுதல் கோளாறு என்ற நோய். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது. பெண் பிள்ளைகளுக்கு அதிகம்; ஆண் பிள்ளைகளுக்கும் வரும். சிலர் உணவைக் குறைத்துக்கொண்டே போவார்கள். சிலர் நிறையச் சாப்பிட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுப்பார்கள். எடை வேகமாக இறங்குவது, மாதவிலக்கு நிற்பது, எப்போதும் குளிர்வது, மயக்கம் வருவது எல்லாம் அறிகுறிகள். முற்றினால் இதயத் துடிப்பு தடுமாறும், உயிருக்கே ஆபத்து.

சாதுவாக இருந்த மகள் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தும்போது பெற்ற மனம் நொறுங்கிப் போகிறது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் உணவைப் பாதியளவுக்குக் குறைத்து ஆராய்ந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களே எரிச்சலும் சோர்வும் அடைந்து, எந்நேரமும் உணவையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே, உங்கள் மகளின் கோபத்தில் பட்டினியும் சேர்ந்து பேசுகிறது. அதை உங்கள் மீதான வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு காலத்தில் மருத்துவ உலகமே பெற்றோரைக் குறை சொன்னது. 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பச் சிகிச்சை முறை அதை மாற்றியது. பெற்றோரே பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வேளையும் சாப்பிட வைக்க, மருத்துவர் வழிகாட்டுவார். உலகின் பல நாடுகளில் இன்று இந்த முறை பின்பற்றப்படுகிறது. பிள்ளை தேறுவதற்குப் பெற்றோர் இவ்வளவு முக்கியம் என்றால், அவர்கள் ஓய்ந்து விழாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதானே?

அத்தாமார்களே, கடையைச் சாத்திவிட்டு வந்து "இன்னுமா சாப்பிடவில்லை?" என்று கேட்பதோடு உங்கள் கடமை முடியாது. ஒரு வேளை அவர் உட்காரட்டும். மறு வேளை நீங்கள் உட்காருங்கள். பிள்ளையின் முன்னால் இருவரும் ஒரே வார்த்தை பேசுங்கள். நன்னிமார்கள் மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டால், அந்தத் தாய்க்கு ஒரு மணி நேரமாவது தூக்கம் கிடைக்கும். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் "இளைத்துவிட்டாயே, குண்டாகிவிட்டாயே" என்று சொல்வதை நிறுத்தினாலே பெரிய உதவி.

ரமளானில் கூடுதல் கவனம் வேண்டும். இந்த நோய் நோன்புக்குள் ஒளிந்துகொள்ளும். சுன்னத்தான நோன்புகளைக்கூடச் சாக்காகப் பிடித்துக்கொள்ளும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை சூரா பகராவில் தெளிவாக இருக்கிறது. மருத்துவர் நோன்பு கூடாது என்றால், நம் ஹஸ்ரத்மார்களில் ஒருவரை அழைத்துப் பிள்ளையிடமே அதைச் சொல்லச் சொல்லுங்கள். அம்மா சொல்லிக் கேட்காத பிள்ளை ஹஸ்ரத் சொன்னால் கேட்கக்கூடும்.

ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. துஆவும் செய்யுங்கள், மருத்துவரிடமும் போங்கள். புத்தூரில் உள்ள நம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி வரும் தூரம்தான். "யாராவது பார்த்துவிட்டால் சம்பந்தம் தவறிப்போகுமே" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் பெரிய தூரமாகிவிடுகிறது. போக மனம் வரவில்லையா, 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது; 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். பிள்ளைக்காக மட்டுமல்ல, உங்கள் மனச்சுமைக்காகவும் அழைக்கலாம். பிள்ளை மயங்கி விழுந்தால் மட்டும் ஃபோனில் பேசிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. அவர்கள் பொறுமை இழந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நீங்களும் அழலாம், ஆனால் தனியாக அழ வேண்டாம். நம் அறக்கட்டளைக்கு வாருங்கள். மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம். உங்கள் வீட்டு விஷயம் வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.