வாசிக்கும் தலைமுறையை வளர்ப்போம்



பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தவர்கள், பத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பித்து விடுதலை பெற்றனர் என வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. எழுத்தறிவுக்கு அன்று அத்துணை மதிப்பு இருந்தது. நம் பிள்ளைகளோ, பத்தாம் வகுப்பை எட்டியதும் பாடநூல் தவிர ஏனையவற்றை மூடிவிடுகின்றனர். மதிப்பெண் தராத நூலைக் கையிலெடுத்தால் கடிந்துகொள்பவர்கள் நாமல்லவா?

பருவ வயதுப் பிள்ளையை அதட்டி வாசிக்கச் செய்ய இயலாது. விளையாட்டோ, விஞ்ஞானமோ, கதையோ, நூலை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பிடிக்காத நூலைப் பாதியில் வைத்துவிடவும் அனுமதியுங்கள். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், தம் மக்களின் பேச்சுமொழியை நாவல்களில் பதித்தார். அவருடைய ‘சாய்வு நாற்காலி’ 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தம் வீட்டுச் சொற்களை அச்சில் காணும் பிள்ளை, அடுத்த பக்கத்தையும் ஆவலுடன் புரட்டும்.

இஷாவுக்குப் பின் கால்மணி நேரம் தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிட்டு, நீங்களும் ஒரு நூலுடன் அமருங்கள். வாசித்ததைப் பற்றித் தேர்வு வைக்காதீர்கள். கதை கேட்பது போல் கேளுங்கள். மகனைப் போன்றே மகளையும் கிளை நூலகத்தில் உறுப்பினராக்குங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! ஆமீன்.