பெயர் கருதாத் தொண்டு



திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், வழிப்போவார் தாகம் தணியத் தண்ணீர்ப்பந்தல் அமைத்தார். அதற்கு அவர் இட்டது தம் பெயரன்று. தாம் அதுகாறும் கண்ணாற் கண்டறியாத திருநாவுக்கரசர் பெயரே. அவ்வூருக்கு எழுந்தருளிய நாவுக்கரசர், தம் பெயரை எழுதாது வேறொரு பெயரை எழுதிய காரணம் யாது என்று வினவினார். வந்தவர் இன்னாரென்று அறியாத அடிகள் வெகுண்டார் என்று சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். தம் பெயர் இல்லையே என்று அவர் வருந்தவில்லை; தம் குருநாதரை வேறொருவர் என்றதையே பொறுக்கவில்லை. தொண்டின் இலக்கணம் இதுவன்றோ?

இக்காலத்திலோ, கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு அளித்துவிட்டு, அதன் ஒளியையே மறைக்குமளவு உபயதாரர் பெயரை எழுதி வைப்பாரும் உளர். தொண்டு சங்கங்களும் விளம்பரத்திற்கே என்பர் சிலர். மாலையும் மேடையும் அங்கு உண்டு என்பது மெய்யே. ஆயினும் அவ்வளவுதானா? ரோட்டரி சங்கத்தை எடுத்துக்கொள்வோம்.

1905-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவரோடு கூடி அதனைத் தொடங்கினார். நட்பும் தொழிலும் வளர்வதே முதல் நோக்கமாக இருந்தது. பின்னர் அவர்கள் ஊர்நலத்திற் கருத்தூன்றி, முதன்முதல் முன்னின்ற பொதுப்பணி யாது தெரியுமா? மக்களுக்குப் பொதுக் கழிப்பிடம் அமையச் செய்ததே! உழவாரம் ஏந்திப் புல் செதுக்கிய அப்பரடிகளை வணங்கும் நாம், இதனை இழிந்த பணி என்று கூறலாமா?

அச்சங்கத்தார் 1979-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்குப் போலியோ மருந்து வழங்க முற்பட்டனர். 1985-இல் அப்பணியை உலகளவில் மேற்கொண்டனர். 1988-இல் உலக சுகாதார நிறுவனமும் பிறவும் இணைந்தன. அந்நாளில் 125 நாடுகளுக்கு மேல் பரவியிருந்த இளம்பிள்ளை வாதம், ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,50,000 பேரை முடமாக்கி வந்தது. வந்தபின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் காக்க வாயில் இடும் சொட்டு மருந்து உண்டு.

நம் நாட்டில் அரசு ஊழியரும், அங்கன்வாடிப் பெண்டிரும், சங்கத் தொண்டர்களும் வீடு வீடாகச் சென்றனர். 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்துக் குழந்தையொன்றைத் தாக்கியதோடு அந்நோய்க்கிருமி இந்தியாவை விட்டு நீங்கிற்று; 2014 மார்ச்சில் அதற்குச் சான்றும் கிடைத்தது.

அன்பர்களே! சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் சுண்டுவிரலில் மையால் ஓர் அடையாளம் இட்டார்கள். இட்டவர் பெயரை யார் அறிவார்? மையும் சில நாளில் அழிந்தது. ஓடியாடும் அக்கால்கள் மட்டும் நின்றன. அப்பூதியார் பந்தலில் நீர் பருகியவர் தாகம் தணிந்ததும் இவ்வாறே.

நடமாடும் கோயிலாகிய அடியார்க்கு இட்டது, இறைவன் திருக்கோயிலையும் சென்று சேரும் என்பது திருமூலர் கருத்து. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்நோய் இன்னும் முற்றும் ஒழியவில்லை. ஆதலின் நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்தைத் தவறாது அளிப்பதும், அயலார் குழந்தைக்கு நினைவூட்டுவதும் சிவத்தொண்டே.

இத்திருவிழாவில் ஒரு குவளை நீரேனும் ஒருவர்க்கு வழங்குங்கள். உங்கள் பெயரைக் கேட்டால், இறைவன் பெயரைச் சொல்லுங்கள்.

திருச்சிற்றம்பலம்.