வீட்டு வாசலில் செண்டுமல்லி



தீபாவளி நெருங்கினால், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பூக்கடைகளில் கூட்டம் நிறைந்துவிடுகிறது. அங்கே நாம் காசு கொடுத்து வாங்கும் செண்டுமல்லியை நம் வீட்டு வாசலிலேயே வளர்க்கலாம் அன்றோ? இன்று அதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோ. வெயிலே அதற்கு உயிர். நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பால்மர நிழலில் செடி நெட்டையாக வளருமேயன்றி நன்கு பூக்காது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை மிகுதி. நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆதலால் பாத்தியை அரையடி உயர்த்துங்கள். விதை ஒரு வாரத்தில் முளைக்கும். நாற்றுகளை ஓரடி இடைவெளியில் நடுங்கள். செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். இலை செழிக்கும், பூ குறையும். வாடிய பூக்களை உடனுக்குடன் பறித்துவிட்டால் மொட்டுகள் தொடர்ந்து வரும். விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூக்கும். ஆவணியில் விதைப்போர் ஐப்பசித் திருநாளுக்குத் தம் கையாலேயே மாலை தொடுக்கலாம்.

மற்றொரு பயனும் உண்டு. கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றின் வேர்களில் முடிச்சு விழச் செய்யும் நுண்புழுக்களைச் செண்டுமல்லி வேரில் சுரக்கும் பொருள் குறைக்கிறது. பூத்து ஓய்ந்த செடிகளை மண்ணோடு கொத்திப் புதைத்து, அதே பாத்தியில் காய்கறி நடுங்கள்.

ஆனால், ஒன்றை நாம் மறக்கலாகாது. பூந்தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீர், டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகும். முட்டை, கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெட்டு நிறுத்திய மரங்களின் மங்குகளையும் கவிழ்த்து வையுங்கள். கொசு பெருக இடங்கொடுப்பது, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

வாசலில் பூ மலர்வது அழகு. அந்த வாசலில் நம் பிள்ளைகள் நோயின்றி விளையாடுவது அதனினும் அழகு. இரண்டும் நம் கையிலேயே உள்ளன.