சொந்தங்கள் எந்தக் கால்பகுதியில்?



லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வரும் பெற்றோர் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளை பிரெஞ்சில் படிக்கிற கணக்கு எங்களுக்கு விளங்காது." பிள்ளை 'அப்சிஸ்', 'ஓர்தொனே' என்கிறது. அவை நாங்கள் ஊரில் படித்த எக்ஸ் ஆள்கூறும் வை ஆள்கூறும்தான். பெயர் மாத்திரமே வேறு.

இந்த முறைக்கு வழிதிறந்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு அறிஞர் ரெனே தெக்கார்த். கேத்திரகணிதத்தையும் அட்சரகணிதத்தையும் இணைத்த அவரது நூல் 1637இல் வெளிவந்தது. அவரது கல்லறை சென் ஜெர்மன் தே ப்ரே தேவாலயத்தில் இருக்கிறது. கார் து நோரில் 4ஆம் இலக்க மெத்ரோ எடுத்தால் நேரே போகலாம். நாம் இன்று கீறும் நான்கு கால்பகுதிகள் பின்வந்தோர் ஒழுங்குபடுத்தியவை.

பிள்ளையின் கட்டக் கொப்பியில் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள். அது எக்ஸ் அச்சு. பூமத்திய ரேகை என்று வையுங்கள். நெடுக்கே ஒரு கோடு. அது வை அச்சு, கிறீன்விச் ரேகை. கிழக்கும் வடக்கும் நேர் எண்கள். மேற்கும் தெற்கும் மறை எண்கள். ஒரு கட்டம் பத்துப் பாகை.

யாழ்ப்பாணம் (80, 10). பரிஸ் (2, 49). இரண்டும் நேர் எண்கள், ஆகவே முதலாம் கால்பகுதி. ரொறன்ரோ (மறை 79, 44). இடப்பக்கம் மேலே, இரண்டாம் கால்பகுதி. பிரேசிலின் சாவோ பாலோ (மறை 47, மறை 24). இரண்டும் மறை, மூன்றாம் கால்பகுதி. சிட்னி (151, மறை 34); வலப்பக்கம் கீழே, நான்காம் கால்பகுதி. லண்டனின் கிறீன்விச்சோ வை அச்சின் மேலேயே விழும். அச்சில் விழும் புள்ளி எந்தக் கால்பகுதிக்கும் சொந்தமில்லை.

பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். பரிஸை (49, 2) என்று மாற்றிக் குறித்தால் அது சோமாலியாவுக்குக் கிழக்கே இந்து சமுத்திரத்தில் விழுந்துவிடும். தேசப்படத்தில் இடம் சொல்லும்போது வடக்கு தெற்கை முதலில் சொல்வது வழக்கம். கணக்கிலோ குறுக்கே போகும் எண்தான் முதலில். "முதலில் தெருவால் நட, பிறகு மாடிப்படி ஏறு" என்று சொல்லிக்கொடுங்கள்.

இதற்குப் பிரெஞ்சு தேவையில்லை. மாமா, சித்தி, பெரியப்பா இருக்கும் ஊர்களை ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொல்லி, "எந்தக் கால்பகுதி, ஏன்?" என்று தமிழிலேயே கேளுங்கள். அந்த 'ஏன்' என்பதற்குப் பதில் சொல்லும் பிள்ளை, பரீட்சையில் எந்த மொழியில் கேட்டாலும் எழுதும்.