கணிப்பணிக்கு இடம் காணல்

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆர். வி. சாலை முதல் பொம்மசந்திரா வரை சுமார் 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். இதன் பணிமனை ஹெப்பகோடியில் உள்ளது. ஓட்டுநரின்றி இயங்கவல்லதாக வடிவமைக்கப்பட்ட இத்தடம், இங்குக் கூடியுள்ள மாணவர்களும் அதிகாரிகளும் ஆராயத்தக்க ஒரு பொருளாதார வினாவை எழுப்புகிறது. ரயிலை நடத்தும் கணிப்பணி எங்கே நடைபெற வேண்டும்?

இத்தகைய கட்டுப்பாட்டு முறையில் அப்பணி பங்கிடப்பட்டிருக்கும். தன் வேகத்தைக் கணித்துப் பிரேக் இடுவது வண்டியிலுள்ள கணினி. எவ்வளவு தொலைவு முன்னேறலாம் என்னும் அனுமதியைக் கம்பியில்லாத் தொடர்பின் வழியே அளிப்பது தடத்தோரக் கணினி. கால அட்டவணையைப் பேணுவது கட்டுப்பாட்டு மையம். அனுமதி வருவது நின்றால் வண்டி தானே நின்றுவிடும். மையத்தின் தொடர்பு அறுந்தாலும் இரு வண்டிகள் மோதா.

தொலைவிலுள்ள பெரும் கணினிக் கூடங்களுக்கு 'மேகம்' என்று பெயர் வழங்கியதால், தரையை ஒட்டிய இடைநிலைக் கணினிகளை 2012-இல் சிஸ்கோ ஆய்வாளர்கள் 'மூடுபனி' என்றனர். கருவியின் அருகிலேயே கணிப்பது 'விளிம்பு' எனப்படும்.

அருகில் வைப்பதற்கு வேகமே காரணம் என்று விற்பனையாளர்கள் கூறுவது வழக்கம். இது பாதி உண்மையே. ஒளியிழையில் ஒளி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி விநாடி போதும்; அதற்குள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி 22 சென்டிமீட்டரே நகரும். நெரிசலும் இணைப்பு அறுபடுதலுமே பெரிய இடர்கள். வாங்கும் அதிகாரி முதலில் வினவ வேண்டியது, இணைப்பு அறுந்தபின் எது தொடர்ந்து இயங்கும் என்பதையே.

தொழிற்சாலை அமைவிடம் பற்றி ஆல்ஃபிரட் வெபர் 1909-இல் வகுத்த கோட்பாடு இங்கும் உதவும். பதப்படுத்துகையில் எடை குறையும் மூலப்பொருளை அது கிடைக்குமிடத்திலேயே பதப்படுத்துவது சிக்கனம். காமிராக் காட்சி அத்தகையது: உள்ளே செல்வது பெருந்தரவு, வெளிவருவது 'நடைமேடையில் நெரிசல்' என்னும் ஒரு வரி. ஆதலின் அதனை நிலையத்திலேயே ஆராய்தல் நலம். ஆனால் ஆலையைப் போலன்றிக் கணிச்சேவையை நெரிசலுக்கேற்ப நொடிகளில் இடம் மாற்றலாம். 20 சேவைகளை மூன்று இடங்களில் அமர்த்த 348 கோடிக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. எனவே ஏறத்தாழச் சிறந்த தீர்வுடன் அமைய நேர்கிறது.

செலவும் கருதப்பட வேண்டும். 16 நிலையங்களில் 16 கணினிகள் என்றால், ஒவ்வொன்றுக்கும் மின்சாரம், குளிர்விப்பு, பூட்டு, பழுதுபார்ப்பவர் தேவை. மோட்டார் அதிர்வுப் பதிவுகளை அங்கெல்லாம் ஆராய வேண்டியதில்லை. வண்டி இரவில் பணிமனை சேரும்வரை அவை காத்திருக்கலாம்.