பூட்டிய கதவும் கம்பளி போர்த்திய யானையும்

திரைப்பட வகைகளுள் மிகக் குறைந்த பணத்தில் எடுத்து முடிக்கக்கூடியதும், அதனாலேயே ஆய்வாளர்களின் பார்வைக்கு அதிகம் வராததுமான ஒன்று உண்டு. வெளியேற வழியில்லாத ஓரிடத்தில் சில மனிதர்கள் கொடிய விலங்கொன்றிடம் அகப்பட்டுக்கொள்வதும், அவர்களுள் யார் உயிர் பிழைப்பார் என்பதுமே அதன் கதை. அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே கட்டணத்துக்கு இரண்டு படங்களைக் காட்டிவந்த காலத்தில், பெரிய படத்துக்குத் துணையாக ஓடிய சிக்கனப் படத்தை ‘பி படம்’ என்றார்கள். 1950களின் கொடுவிலங்குப் படங்கள் பலவும் அந்த வரிசையைச் சேர்ந்தவை.

இவ்வகையோடு தமிழ்நாட்டுக்கு உள்ள உறவு பலரும் எண்ணுவதைவிடப் பழையது. டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், சிக்கனப் படங்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1952இல் ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படத்தை வெளிக்கொணர்ந்தது; அதுவே தமிழில் ‘காடு’ ஆயிற்று. வில்லியம் பெர்க் இயக்கிய அப்படத்தில் ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் ஆகியோருடன் எம். என். நம்பியாரும் நடித்தார்; ஆஸ்கர் விருது பெற்ற கிளைட் டி வின்னா ஒளிப்பதிவு செய்தார். யானைக் கூட்டங்கள் ஊர்களை மிதித்தழிக்க, அவற்றை மிரட்டி விரட்டும் விலங்கு எது என்று அறிய ஒரு குழு காட்டுக்குள் போகிறது. அந்த விலங்கு, உடலெங்கும் அடர்ந்த உரோமம் கொண்ட, அழிந்துபோன பனியுக யானையாகிய மாமூத் என்பது முடிவில் தெரியவருகிறது.

மாமூத்துகள் பனி சூழ்ந்த வடநிலங்களில் வாழ்ந்தவையாதலால், தென்னிந்தியக் காட்டில் அவை திரிவதற்கு அறிவியல் இடம் தராது. படக்குழுவோ நம் ஊர் யானைகளின் மேல் உரோமப் போர்வையைக் கட்டி மாமூத் ஆக்கிவிட்டது. ஆயினும், மாமூத்துக்கு இன்று உயிரோடிருக்கும் விலங்குகளுள் மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்க யானையன்று, ஆசிய யானையே என்று மரபணு ஆய்வு பின்னர் காட்டியிருப்பதால், அந்த வேடத்துக்கு வேறெந்த விலங்கும் இவ்வளவு பொருந்தியிராது. வேடத்தின் ஏழ்மையைக் காட்டிலும் படத்தைக் கெடுத்தது அதன் திறந்த வெளிதான். நடையும் நடனமும் காட்டு விலங்குகளின் காட்சிகளுமாக நேரம் கழிய, அச்சம் ஓரிடத்தில் தங்கித் திரள்வதற்கு நான்கு சுவர் கிடைக்கவில்லை.

அந்த நான்கு சுவரின் ஆற்றலை அறிய, 1959இல் ரே கெல்லாக் இயக்கிய ‘தி கில்லர் ஷ்ரூஸ்’ படத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். தீவொன்றில் நடந்த ஆராய்ச்சி பிழையாகிப் பேருருக் கொண்ட மூஞ்சூறுகள், தீவிலிருந்த இரையெல்லாம் தீர்ந்தபின் மனிதர் இருக்கும் வீட்டை வளைத்துக்கொள்கின்றன. புயல் வருவதால் படகும் புறப்பட முடியாது. அந்த மூஞ்சூறுகள் உண்மையில் வேடமிட்ட நாய்கள் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் சுவர் எவ்வளவு தாங்கும், எந்தக் கதவு வலுவற்றது என்ற கணக்கு பார்ப்பவர் மனத்தில் ஓடத் தொடங்கியபின் நாயின் வேடம் பொருட்டாவதில்லை. வெற்று இரும்பு டிரம்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றைக் கவிழ்த்து, உள்ளே குந்தியபடியே கடற்கரை வரை நகர்ந்து அவர்கள் தப்பும் காட்சி, பணமில்லாத இடத்தில் மதி செய்யும் வேலைக்குச் சிறந்த சான்று.

அதே படத்தில் மன்னிக்க இயலாத ஒன்றும் இருக்கிறது. முதலில் கொல்லப்படுபவர் கறுப்பினத்தவரான படகுத் துணைவர். அவருக்கு அடுத்து வீட்டு வேலையாள். ஏவலுக்கு உட்பட்டவர் முதலில் இறப்பதும், பெயரும் பதவியும் உடையவர் கடைசிவரை நிற்பதும் இவ்வகைப் படங்கள் பலவற்றில் எழுதாத சட்டமாகவே தொடர்ந்திருக்கின்றன. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ மிகச் சிறு முதலீட்டில் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படம், ஒரு பண்ணை வீட்டுக்குள் அகப்பட்டவர்களைக் காக்க முனையும் பொறுப்பைக் கறுப்பின நாயகனிடம் கொடுத்து அந்தச் சட்டத்தை முறித்தது. விலங்குக்குப் பதில் நடைப்பிணங்களைக் கொண்டிருந்தும், இவ்வகையின் உச்சம் அதுவே.

தமிழ்த் திரையுலகம் ‘மிருதன்’ என்ற படத்தில் 2016இல் நடைப்பிணங்களையும், ‘கேப்டன்’ என்ற படத்தில் 2022இல் காட்டில் உலவும் விநோத உயிரியையும் காட்டியது. மண்ணில் புதைந்த பேருந்துக்குள் மூச்சுக்குப் போராடும் பயணிகளைப் பற்றிய ‘ஓ2’ படத்தில் விலங்கு இல்லை; எனினும், அடைபட்ட இடத்தின் கணக்கை நன்கு உணர்ந்த படம் என்று அதையே சொல்ல வேண்டும்.

இத்தகைய படத்துக்கு உரிய களம் சென்னைக்கு வடக்கே, புறநகர் ரயிலில் போய் இறங்கும் தொலைவிலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உயர்ந்த மதிலும் ஒற்றை வாயிலும் உடைய தகரக் கொட்டகைகள், இரவு ஷிப்டில் எரியும் உலைகள், முட்புதர் மண்டிய வெற்று மனைகள் ஆகியவை அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் உப்புநீர்ப் பரப்பு விரிகிறது. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் அதிரம்பாக்கத்தில் 1863இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழங்கால மனிதரின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அறிவித்தார்கள். மண்ணுக்கடியிலிருந்து ஒரு பழைய விலங்கைக் கதையில் எழுப்ப விரும்புவோருக்கு, சைபீரியப் பனியைத் தேடிப் போகும் தேவை இங்கே இல்லை.

களத்தைவிட முக்கியமானவர்கள் அங்கே உழைக்கும் மக்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளி, உள்ளூர்ப் பெண் தொழிலாளி, வாயிற்காவலர், பாம்பின் தடத்தை மண்ணில் படிக்கத் தெரிந்த இருளர் ஆகிய இவர்களே பழைய பி படத்தில் முதல் அரை மணிக்குள் இறந்திருக்கக்கூடியவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்கு முழுதும் விளங்காத நிலையில், ஷிப்டு முடியாத ஓர் இரவில், பூட்டிய மதிலுக்குள் அவர்கள் ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொள்வதைக் காட்டுவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. விலங்கை நிழலாகவும் ஓசையாகவும் வைத்துக்கொண்டாலே போதும். 1942இல் ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்புள்’ சிறுத்தையை இருளுக்குள் மறைத்தே அதைச் சாதித்தது. குறும்படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் இந்தக் களத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்கும்போது, முதலில் சாவதற்கென்று எந்தத் தொழிலாளியையும் எழுதாதிருக்க வேண்டும்.