ஓரத்திலிருந்து ஓர் ஆரம்பம்



சதுரங்கப் பலகையின் நடுநிலத்தை முதலிலேயே காலாட்களால் கைப்பற்றுவதுதான் சாஸ்திரம் என்று பல தலைமுறைகள் போதித்து வந்திருக்க, அந்நிலத்தை எதிரிக்கு விட்டுவைத்து ஓரங்களிலிருந்து நெருக்குவதும் உத்தமமான மார்க்கமே என்பதை, 1924இல் நியூயோர்க் போட்டியில், எட்டு ஆண்டுகள் தோல்வியறியாத கபாபிளாங்காவை வென்று ரிச்சர்ட் ரேட்டி நிரூபித்தார். நம் கடற்கரையில் கரைவலை இழுப்போர், மடி தூரத்தே கிடக்க, இரு பக்கத்துக் கயிறுகளையும் பற்றி மெல்ல மெல்ல நெருங்கி வருவதைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும்.

ரேட்டியின் பெயரால் வழங்கும் அந்த ஆரம்பத்தையே, சென்னையில் பிறந்த குகேஷ், 2024 டிசம்பர் 8ஆம் திகதி சிங்கப்பூரில், அன்றைய உலக வீரர் டிங் லிரெனுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியின் பதினோராவது ஆட்டத்தில் கையாண்டார். தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்து, இருவரும் ஐந்துக்கு ஐந்து என்று சமமாக நின்ற வேளை அது. முதலில் குதிரை, அடுத்து ஒரு காலாள், மூன்றாவதாக, இராணிப் பக்கத்துக் குதிரைக்கு முன்னிருந்த காலாளை இரண்டு கட்டம் தள்ளினார். என் மதிப்பில் அவ்வாட்டத்தின் சௌந்தரியம் முழுவதும் அந்த மூன்றாம் நகர்விலேயே அடங்கியிருக்கிறது.

டிங்கின் பிழையால் கிடைத்த வெற்றிதானே என்பார் உளர். இருபத்தெட்டாம் நகர்வில் அவர் இராணியைத் தவறான கட்டத்தில் வைத்ததும், குகேஷின் இராணி குதிரையை வெட்ட, அவர் தோல்வியை ஒப்புக்கொண்டதும் மெய்யே. ஆயினும் அப்பிழை காரணமின்றி நேர்ந்ததன்று. நாற்பது நகர்வுகளுக்கு 120 நிமிடம், அதுவரை ஒரு நொடியும் கூட்டித் தரப்படாது என்ற நியதியின் கீழ், பழகாத வழியிலே தொடக்கத்திலேயே நெடுநேரம் சிந்திக்க நேர்ந்தவருக்கு, நுட்பமான கட்டத்தில் நேரம் அருகிப் போனது. குகேஷும் பின்னர் கணிசமான நேரத்தைச் செலவிட்டார். ஆகையால் இதனைக் குறையற்ற ஆட்டமென்று நான் சொல்லவில்லை. மறுநாளே டிங், இங்கிலிஷ் ஓப்பனிங் என்னும் மற்றோர் ஓர ஆரம்பத்தால் அவரை அழகாகத் தோற்கடித்தார். பதினான்காவது ஆட்டத்தில் வென்ற பின்னரே, பதினெட்டு வயதில், குகேஷ் உலக வீரரானார்.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மாணவருக்குச் சதுரங்கம் பயிற்றும் ஆசிரியர்கள், இவ்வாட்டத்தின் இருபத்தொன்பது நகர்வுகளையும் பலகையில் வைத்துக் காட்டுவார்களாக. மூன்றாம் நகர்வில் நிறுத்தி, கறுப்புக்கு எந்தப் பதில் தகும் என்று பிள்ளைகளையே கேட்பார்களாக.